துணைக்கு ஒரு பேரவை

பேரவை வராதவரை என் மகளுக்குத் துணை இருந்தது. இதை எந்த மேடையிலும் சொல்ல நான் தயார். ஆனால் மேடைகள் எல்லாம் பேரவையின் கையில் இருக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், என் மகள் மெய்யம்மை பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியலில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீதியில் அது புதுச் செய்தி. "என்ன ஆராய்ச்சி செட்டியாரே?" என்று கேட்டவர்களுக்கு "எண்ணெய் சம்பந்தப்பட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் பெயரோடு இருக்கும் குடும்பம். செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீரில் கிருமி வளர்க்கிறாள் என்பதை வாசலில் நின்று விளக்க வேண்டியதில்லை.

வேலையில் குறை சொல்ல முடியாது. காப்பாரில் ஓர் ஆலையிலிருந்து அந்தக் கழிவுநீரைத் தகர டின்களில் பிடித்து, என் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான்தான். அந்தக் காரில் அதற்குப் பிறகு எந்தச் சம்பந்தி வீட்டாரையும் ஏற்ற முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் கறுப்புத் துணி சுற்றிய ஆளுயரக் கலன் ஒன்று இருந்தது. அதற்குள் கிருமிகள் கழிவைத் தின்று, எரியக்கூடிய வாயுவை வெளியே விடும். காலையில் ஒரு வேளை, மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு வேளை அவற்றுக்குத் தீனி கொடுக்க வேண்டும். வேளை தவறினால் கலன் புளித்துவிடும். புளித்தால் கிருமிகள் செத்துவிடும். செத்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்கு அவளிடம் காலம் இல்லை. ஆண்டு முடிவோடு பதிவு முடிகிறது, நீட்டிப்பு கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அந்தக் கட்டடத்தில் ஒரு விதி இருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக ஆய்வுக்கூடத்தில் இருக்கக் கூடாது. இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும். நல்ல விதி. எழுதச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆறு மணிக்குக் கட்டடத்துக் காவலாளி ஜாகா அய்யாவு கையில் பூட்டோடு வருவார். கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பார். இரண்டு பெண்கள் தெரிந்தால் நகர்ந்துவிடுவார். ஒருத்தி மட்டும் தெரிந்தால் விளக்கை அணைத்துப் பூட்டிவிடுவார்.

இதற்கு அந்தப் பெண்கள் தாங்களாகவே வழி கண்டிருந்தார்கள். மெய்யம்மையோடு இன்னும் இருவர். ரமணி, செந்தூலில் ரயில்வேக்காரர் மகள், மின்பொறியியல். சுவீ லான், கிள்ளானில் ஒரு சீனர் வீட்டுப் பெண், இரசாயனம். யாருக்கு முன்னால் வேலை முடிகிறதோ அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மற்றவளின் கூடத்தில் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. கூடத்தை ஒட்டி ஓர் உபயோகமற்ற சாமான் அறை. அதில் ஒரு பாய், ஒரு பெஞ்சு, மின்சாரக் கெட்டில், சுவீ லானின் மைலோ டின். காத்திருப்பவள் அங்கே கால் நீட்டிக்கொள்வாள். நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு குடும்பத்துப் பெரியவன் குறை சொல்லும்படி அங்கே ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு கவலை. சுவீ லானின் வேலை முடியப்போகிறது.

"அவ போயிட்டா நானும் ரமணியும்தான் அப்பச்சி" என்றாள் மெய்யம்மை. "அவளுக்குக் காய்ச்சல் வந்தா என் கலன் போச்சு. மத்த டிபார்ட்மென்ட்லயும் பொண்ணுங்க இருக்காங்க. யாரு எங்க இருக்கான்னே தெரியல. ஒரு நாள் எல்லாரும் ஒண்ணா உக்காந்து டீ குடிச்சாப் போதும்."

"அதுக்கென்ன ஆத்தா, முறையா செய்வோம்" என்றேன்.

முறையாகச் செய்வதற்கென்றே எங்கள் வட்டாரத்தில் ஓர் அமைப்பு இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கு இந்தியர் அறிவு வளர்ச்சிப் பேரவை. தலைவர் தம்புசாமி, டத்தோ பட்டம் வாங்கியவர், லோரி கம்பெனி முதலாளி. செயலாளர் நாராயணன், பண்டமாரானில் துறைமுகச் சரக்கு அனுப்பும் தொழில். போய்ச் சொன்னேன். ஒரு தேநீர், நாலு பெண்கள், ஒருத்திக்கு ஒருத்தி அறிமுகம். டத்தோ கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்தபோது அது மாநாடாகிவிட்டிருந்தது.

"செட்டியாரே, கவலைய விடுங்க. நம்ம பொண்ணுங்களுக்குத் துணை வேணும். அவ்வளவுதானே? ஒரு செயற்குழு போட்டுருவோம் லா."

செயற்குழு போட்டார்கள். ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள். பெண்களை ஏன் அழைக்கவில்லை என்று கேட்டேன். கூட்டம் மாலையில், அவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நேரம், அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒருமனதாக முடிவெடுத்ததாகச் செயலாளர் சொன்னார். மறுக்க முடியாத பதில். என்னைக் காப்பாளர் ஆக்கினார்கள். காப்பாளருக்கு என்ன வேலை என்று கேட்டேன். முதல் வரிசையில் உட்காருவது என்றார்கள்.

முதல் கூட்டத்தில் டத்தோ பேசினார். "பெண்கள் முன்னேறணும். பேரவை ஆரம்பிச்ச நாள்லேருந்து இதத்தான் சொல்லிட்டு வர்றோம். வருஷா வருஷம் அதே தீர்மானம். ஒரு எழுத்துகூட மாத்தினதில்ல. இந்த உறுதி வேற எந்தச் சங்கத்துக்கு இருக்கு, சொல்லுங்க?"

எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த மூன்று கூட்டங்களும் மாணவிகளுக்கான புது மன்றத்துக்குப் பெயர் வைப்பதில் கழிந்தன. பொறியியல் பூவையர் பாசறை என்றார் ஒருவர். பாசறை என்றால் காவல்துறை கேள்வி கேட்கும் என்றார் இன்னொருவர். அறிவியல் அணங்கு அவையம் என்பதற்கு நல்ல ஆதரவு இருந்தது. அணங்கு என்றால் பேய் என்றும் பொருள் உண்டு என்று ஒரு தமிழாசிரியர் எழுந்து கெடுத்துவிட்டார். கடைசியில் உயர்கல்விப் பூவையர் புரவலர் மன்றம் என்று முடிவாயிற்று. சட்டவிதிகளைப் படித்தேன். புரவலர்கள்தான் உறுப்பினர்கள். மாணவிகள் உறுப்பினர் ஆக முடியாது. அவர்கள் பயன்பெறுவோர்.

"உறுப்பினராயிட்டா எப்படிங்க பயன்பெற முடியும்?" என்று செயலாளர் எனக்கு விளக்கினார். "அது ஒழுங்குக்கு மாறானது."

சுவீ லான் விஷயத்தில் சிக்கல் வந்தது. அவள் சீனப் பெண். விதிகளின்படி பயன்பெறவும் இடமில்லை. ஆனால் புகைப்படத்தில் இருந்தால் இன ஒற்றுமைக்கு நல்லது என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். ஆகவே அவள் பயன்பெறாமல் படத்தில் மட்டும் இடம்பெறலாம் என்று தீர்மானம் எழுதினார்கள்.

பிறகு செயற்குழு ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வந்தது. அறை முழுவதும் சந்தன வாசனையும் கழிவுநீர் நாற்றமும் மோதிக்கொண்டன. டத்தோ கலனின் துணியை விலக்கி உள்ளே பார்த்தார்.

"என்னாது இது, சாம்பார் மாதிரி இருக்கு?" என்று கலனைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார்.

சுவீ லான் ஓடிவந்தாள். "அங்கிள், ஆட்டாதே லா! நாண்டி மாத்தி!"

"செத்துப்போயிரும்னு சொல்றா அங்கிள்" என்றாள் ரமணி.

"எது செத்துப்போயிரும்?"

"கிருமிங்க."

"கிருமி செத்தா நல்லதுதானேம்மா?" என்றார் டத்தோ. செயற்குழு சிரித்தது. மெய்யம்மை என்னைப் பார்த்தாள். நான் கலனைப் பார்த்தேன்.

போகும் வழியில்தான் சாமான் அறை அவர்கள் கண்ணில் பட்டது. பாயையும் கெட்டிலையும் பார்த்து டத்தோ கலங்கிப்போனார். நம் சமுதாயத்தின் படித்த பெண்கள் பாயில் உட்காருவதா? அன்றே பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனார். அறையை மன்றத்துக்குக் கேட்டார். அங்கேயும் யாரோ ஒருவருக்கு டத்தோவோடு கைகுலுக்கும் ஆசை இருந்திருக்கிறது. அறை கிடைத்துவிட்டது. பாய் போயிற்று. பெஞ்சு போயிற்று. கெட்டில் எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. சிவப்புக் கம்பளம் வந்தது, சோபா வந்தது, சோபாவின் மேல் பிளாஸ்டிக் உறை. அறைக்குப் புதுப் பூட்டு. திறப்பு விழா வரை யாரும் உள்ளே போகக் கூடாது. சாவி செயலாளரிடம், அவர் பண்டமாரானில்.

பெண்கள் அறைக்கு வெளியே நடைக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து மைலோ குடித்தார்கள். வெந்நீரை என் வீட்டம்மா தெய்வானை ஃபிளாஸ்கில் கொடுத்தனுப்பினாள்.

இது போதாதென்று, மன்றத்தின் கூட்டக் குறிப்புகளை எழுத ஒரு படித்த பெண் வேண்டும் என்று ரமணியைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டங்கள் மாலையில். அதாவது, ரமணி மெய்யம்மைக்குத் துணையாக உட்கார வேண்டிய அதே வேளையில், மெய்யம்மைக்குத் துணை தேடித்தரும் கூட்டத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தாள்.

"நீ வரமாட்டேன்னு சொல்லிடேன்" என்று மெய்யம்மை அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"எப்படிடி? எங்கப்பா என் தம்பிக்கு வேலை கேட்டு டத்தோகிட்ட சொல்லி வெச்சிருக்காரு. 'உன்னைக் கூப்பிட்டிருக்காங்க பாரு, நம்ம நேரம்'னு வீட்ல சாமிக்குத் தேங்கா உடைச்சாரு."

ரமணி வராத மாலைகளில் சுவீ லான் தன் வேலையைப் பாதியில் விட்டு வந்து உட்கார்ந்தாள். அதனால் அவள் வேலை நீண்டது. பேரவையால் விளைந்த ஒரே நன்மை அது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

டத்தோ வீட்டுக்கு நேரே போய்ச் சொன்னேன். "டத்தோ, பிள்ளைங்களுக்கு இருந்த ரூமும் போச்சு, இருந்த துணையும் போச்சு."

"செட்டியாரே, கட்டட வேலை நடக்கும்போது தூசி பறக்கத்தான் செய்யும். திறப்பு விழா முடியட்டும், பாருங்க. யாரு விளக்கேத்த வர்றான்னு நெனைக்கிறீங்க?"

"யாரு?"

"நான்தான்."

விழா ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. ஆய்வுக்கூடத்துக்கு முன்னாலிருந்த புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். ரமணி ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர். அவள் அப்பா இரண்டாம் வரிசையில், புதுச் சட்டையில், மகள் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சுவீ லானுக்கு டத்தின் இராஜம்மா கைப்படச் சேலை கட்டிவிட்டிருந்தார். இந்த டத்தின் டத்தோவின் மனைவி, மன்றத்தின் மகளிர் ஆலோசகர். உடம்பெங்கும் ஊக்கு குத்தியதில் அந்தப் பெண்ணால் நடக்க முடியவில்லை. விளக்குத் தட்டை ஏந்திக்கொண்டு பொம்மை மாதிரி நின்றாள். தெய்வானை கூடார வாசலில் பன்னீர்ச் செம்போடு. நான் முதல் வரிசையில். மெய்யம்மை மட்டும் வெள்ளை மேலங்கியோடு ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தாள். பிழைப்புக் கெட்டவள் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். யார் என்று திரும்பிப் பார்த்தேன். முணுமுணுப்பு நின்றது.

டத்தோ நாலுக்கு வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. தாமதமாக வருவது பதவியின் அடையாளம் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பதறவில்லை. வெயில் சாய்ந்த பிறகுதான் அவர் கார் வந்தது. நாதஸ்வர ஒலிநாடா ஓடியது. மாலை. இன்னொரு மாலை. டத்தின் பேசினார்.

"பெண்ணுக்குப் பெண்தான் துணைன்னு பதினஞ்சு வருஷமா நான் மேடைக்கு மேடை பேசிட்டு வர்றேன். ஒரு பொண்ணு தனியா நின்னா, இன்னொரு பொண்ணு போயி பக்கத்துல நிக்கணும். யாருன்னு கேக்கக் கூடாது. எங்கன்னு கேக்கக் கூடாது. போயி நிக்கணும்!"

பெண்கள் பக்கத்திலிருந்து பலமான கைதட்டல்.

அடுத்து விளக்கு. இங்கேதான் புகைப்படக்காரர் ஒரு யோசனை சொன்னார். அறையில் சோபா மட்டும்தான் இருக்கிறது, படத்தில் விஞ்ஞானம் தெரியவில்லை. அந்தப் பெரிய கலனுக்கு முன்னால் விளக்கேற்றினால் பத்திரிகையில் எடுப்பாக இருக்கும். செயலாளருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஆய்வுக்கூடத்தை நோக்கி நடந்தார்கள். பின்னால் டத்தோ. அவர் பின்னால் கற்பூரத் தட்டோடு ஒருவர், கலனுக்கு மாலையோடும் குங்குமத்தோடும் இன்னொருவர்.

மெய்யம்மை வாசலில் குறுக்கே நின்றாள்.

"உள்ள நெருப்பு வரக் கூடாது அங்கிள். இதுலேருந்து வர்றது எரியற வாயு."

"நெருப்பில்லம்மா" என்றார் செயலாளர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "குத்துவிளக்கு."

"அங்கிள், குத்துவிளக்குல எரியறது என்ன?"

"மங்களம்" என்றார் செயலாளர்.

டத்தோ முன்னால் வந்தார். "இங்க பாரும்மா. நான் நூத்துக்கணக்கான விளக்கு ஏத்தியிருக்கேன். பாங்க்குல ஏத்தியிருக்கேன், பாசார்ல ஏத்தியிருக்கேன், பெட்ரோல் ஸ்டேஷன் திறப்பு விழாவுலகூட ஏத்தியிருக்கேன். ஒண்ணும் ஆகல. என் கைராசி அப்படி. வழிய விடு."

"விட முடியாது அங்கிள்."

டத்தோ முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார். "செட்டியாரே, சபையில பெரியவங்கள நிக்க வெச்சுப் பேசுது உங்க பொண்ணு. உங்க வீட்டு வளர்ப்பு எப்படின்னு நாலு பேரு கேக்க மாட்டாங்களா?"

நான் எழுந்தேன். நடந்து போய் என் மகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"டத்தோ, எங்க வீட்டு வளர்ப்பப் பத்தி என் முன்னால பேசின ஆளு இதுவரைக்கும் யாரும் இல்ல. நீங்க மொத ஆளா ஆக வேணாம். பொண்ணு நெருப்பு வேணாம்னு சொன்னா வேணாம். விளக்க அந்த ரூம்ல வெச்சு ஏத்துங்க. சோபா நல்லா எரியும்."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. விளக்கு அறைக்குப் போயிற்று. கம்பளத்தில் எண்ணெய் சிந்தியது. படம் எடுத்தார்கள்.

அப்போதுதான் ஜாகா அய்யாவு பூட்டோடு வந்தார். தீனி கொடுக்கும் வேளை. மெய்யம்மை குழாயைக் கையில் எடுத்திருந்தாள்.

"ஆறு தாண்டிருச்சு பாப்பா. உள்ள யாரு இருக்கா?"

"நான் மட்டும்தான் அண்ணே. வெளிய பாருங்க, எவ்வளவு பேரு!"

"எத்தன பேரு நின்னாலும் வெளியதானே பாப்பா நிக்கறாங்க. ரூல்ஸு, உள்ள இன்னொரு பொம்பள வேணும். இல்லன்னா பூட்டணும். நாளைக்கு என்னைய கேப்பாங்க." அய்யாவு மேல் தப்பில்லை. அந்த மாலை அங்கே தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆண் அவர்தான்.

மெய்யம்மை வெளியே வந்தாள். அவளைத் தவிர அங்கே முப்பது பெண்களாவது இருந்திருப்பார்கள், பட்டுச் சேலையில். நேரே டத்தினிடம் போனாள்.

"ஆன்டி, அரை மணி நேரம் உள்ள வந்து உக்காருங்க. சும்மா உக்காந்தாப் போதும்."

டத்தின் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். "நான் ஆலோசகர்மா. ஆலோசனை வேணும்னா கேளு. அந்த வாடை எனக்கு ஆவாது. காஞ்சிபுரம் வேற கட்டியிருக்கேன். அங்க, அந்தக் கோடியில நிக்கிறாங்களே, அவங்களக் கேளு."

கோடியில் நின்றவர்கள் இந்தக் கோடியைக் காட்டினார்கள். சுவீ லான் தட்டோடு நகரப் பார்த்தாள். ஊக்கு ஒன்று பிடித்திழுத்தது. "ஐயோ, புகாக்க வேணும் லா!" என்று ஊக்கைக் கழற்றச் சொல்லிக் கத்தினாள். கழற்றக் கை நீட்டியவர்களை டத்தின் அதட்டினார். இன்னும் ஒரு படம் பாக்கி இருந்தது. ரமணி ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள். செயலாளர் அதை எடுத்து மறுபடி அவள் கையில் திணித்தார்.

"இன்னும் பொன்னாடை முடியலயேம்மா! நீ போனா யாரு பேரு படிப்பா?"

ரமணி தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் டத்தோவைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தார். ரமணி அழுதுகொண்டே பெயர் படித்தாள். அது உணர்ச்சிப் பெருக்கு என்று கூட்டம் எடுத்துக்கொண்டது.

மெய்யம்மை என்னிடம் வரவில்லை. வந்தும் பயனில்லை. நான் ஆண். அய்யாவு பூட்டைத் திறந்து கொக்கியில் மாட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்று ஒரு குரல்.

தெய்வானை பன்னீர்ச் செம்பை மேசைமேல் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கலியாணமான நாளிலிருந்து சபையில் அவள் குரல் கேட்டதில்லை.

"நான் போயி உக்காந்துக்கிறேன். பொம்பளதானே வேணும்? படிச்ச பொம்பளன்னு எழுதியிருக்கா?"

அய்யாவு யோசித்தார். "இல்ல ஆச்சி. பொம்பளன்னு மட்டுந்தான் போட்டிருக்கு."

"அப்ப தள்ளுங்க."

அவள் உள்ளே போனாள். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக் கலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெய்யம்மை குழாயைத் திருகினாள். கழிவுநீர் மெல்ல இறங்கியது.

செயலாளர் என்னிடம் ஓடிவந்தார். "என்னங்க இது! ஆச்சி பாட்டுக்கு உள்ள போயிட்டாங்க. வாசல்ல பன்னீர் தெளிக்க ஆளில்ல. டத்தோவோட பெரியண்ணன் கார் இப்பத்தான் உள்ள வருது. வெறும் வாசலா இருந்தா மரியாதையா?"

"வெறும் வாசலா இருக்காது" என்றேன்.

போய்ப் பன்னீர்ச் செம்பை எடுத்தேன். எங்கள் வீட்டு ஆண் ஒருவன் சபை வாசலில் பன்னீர் தெளித்தது அதுவே முதல் தடவை. டத்தோவின் அண்ணன் இறங்கினார், என்னைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், எந்தப் பக்கம் வணங்குவது என்று தெரியாமல் நின்றார். தெளித்தேன். நிமிர்ந்தே நின்று தெளித்தேன். வந்த எல்லாருக்கும் தெளித்தேன். அரை மணி நேரம் கழித்துக் கூடத்தின் கண்ணாடியில் மெய்யம்மை தெரிந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் செம்பைக் கீழே வைத்தேன்.

காப்பாளர் பதவியை மறுநாள் துறந்தேன். என் பெயரை எடுக்க ஒரு தீர்மானம் வேண்டும், அதற்கு ஒரு கூட்டம் வேண்டும் என்றார்கள். இன்னும் கூட்டவில்லை.

தெய்வானை அன்றிலிருந்து மாலைதோறும் போனாள். ஃபிளாஸ்கும் ஒரு தூக்கில் பலகாரமும் கொண்டுபோவாள். நடைக்கூடத்தில் போகிற வருகிற பெண்களையெல்லாம் நிறுத்தி, "நீ யாரு ஆத்தா? எந்தக் கூடம்? ஒரு கந்தரப்பம் எடுத்துக்க" என்பாள். இப்படித்தான் மூன்றாவது மாடியில் தாவரவியலில் ஒருத்தி, எதிர்க்கட்டடத்தில் பௌதிகத்தில் இரண்டு பேர் என்று வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். யாரும் தலைமை தாங்கவில்லை. ரமணியும் திரும்பி வந்தாள். அவள் தம்பிக்கு டத்தோ வேலை தரவில்லை. பரிந்துரையைப் பரிசீலிக்க ஒரு குழு அமைத்திருந்தார்.

அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே மன்றத்தின் அறை. கதவின்மேல் பளிங்குப் பலகையில் ஒன்பது ஆண்களின் பெயர்கள். அதற்குக் கீழே, பெண்கள் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்று மும்மொழியிலும் எழுதியிருந்தது. சாவி செயலாளரிடம். செயலாளர் ஆண். ஆகவே அவர் உள்ளே போக முடியாது. உள்ளே போக முடியாதவர் கதவைத் திறப்பது முறையல்ல என்று அவரே கருதினார். சோபாவின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை என்று கேள்வி.

கலன் புளிக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் மெய்யம்மை ஆய்வேட்டைக் கொடுத்தாள். தேறினாள்.

செய்தி பேரவைக்கு எட்டியது. மன்றத்தின் முதல் சாதனை என்று கிள்ளானில் பாராட்டு விழா வைத்தார்கள். நான் போனேன். அழைத்த சபைக்குப் போகாமலிருப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. மேடை நடுவில் ஓர் அலங்கார நாற்காலி காலியாக இருந்தது.

"பொண்ணு எங்க செட்டியாரே?" என்று டத்தோ ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

நான் எழுந்து நின்று, சபைக்குக் கேட்கும்படி சொன்னேன். "ரமணிக்கு இன்னிக்கு ஆறு மணிக்கு மேல வேலை இருக்கு. மெய்யம்மை துணைக்கு உக்காரப் போயிருக்கா. அவ ஆத்தாளும் போயிருக்கா."

சபையில் ஒரு சலசலப்பு. செயலாளர் டத்தோவின் காதில் ஏதோ சொன்னார். டத்தோ தலையசைத்தார். பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்து, புகைப்படக்காரர் பக்கம் திரும்பி, அந்தக் காலி நாற்காலிக்குப் போர்த்தினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. அதன் சார்பில் ஏற்புரையையும் டத்தோவே வழங்கினார்.